அருகில் நிற்பவருக்கும் பயிற்சி வேண்டும்



ரமலான் மாதத்தில் மதீனாவாசிகள் ஸஹர் உணவை நிறுத்திக்கொண்டது பார்வையற்ற ஒருவரின் பாங்கொலியைக் கேட்டுத்தான். பிலால் (ரலி) அவர்கள் இரவு இருக்கும்போதே ஒரு பாங்கு சொல்வார்கள். அதைக் கேட்டு உண்பதை நிறுத்த வேண்டியதில்லை. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கு கேட்கும் வரை உண்ணலாம், பருகலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருந்தார்கள். புகாரியில் வரும் இந்த ஹதீஸின் இறுதியில் ஒரு சிறு விளக்கம் சேர்ந்திருக்கிறது. இப்னு உம்மி மக்தூம் பார்வையற்றவர்; விடிந்துவிட்டது என்று பிறர் தம்மிடம் சொல்லும் வரை அவர் பாங்கு சொல்ல மாட்டார்.

மதரசாக்களில் நோன்புப் பாடம் நடத்தும்போது இந்த ஹதீஸை ஸஹர் நேரத்தின் சட்டத்திற்காக ஓதுகிறோம். பார்வையற்றவருக்கும் பெரும் பொறுப்பை வழங்கிய மார்க்கம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அது உண்மையே. ஆனால் அந்தக் கடைசி வரியில் வரும் மனிதர்கள்மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. வானத்தைப் பார்த்து, விடிந்துவிட்டது என்று அவரிடம் வந்து சொன்னவர்கள் அவர்கள். அவருக்குப் பதிலாகத் தாங்களே பாங்கு சொல்லிவிடவில்லை. "பாவம், இவர் ஏன் சிரமப்பட வேண்டும்" என்று அவரை வீட்டில் உட்கார வைக்கவும் இல்லை. அவரால் அறிய முடியாத ஒன்றை மட்டும் அறிவித்துவிட்டு விலகிக்கொண்டார்கள். பாங்கு அவருடையதாகவே இருந்தது.

இவ்வாறு உதவுவது ஒரு கலை. அது நல்ல மனம் இருந்தால் தானாக வந்துவிடுவதில்லை, கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடந்த சில மாதங்களாக எங்கள் நல்லூரில் இதைக் கண்ணால் கண்டுவருகிறேன்.

நல்லூர் இன்று திருப்பூர் மாநகராட்சிக்குள் அடங்கிய பகுதி. காலை எட்டு மணிக்கு எங்கள் தெருவில் நின்றால் ஊரே நடந்துபோவதைப் பார்க்கலாம். கட்டிங், டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஆளுக்கொரு வேலை. தென்மாவட்டத்துப் பிள்ளைகளும் பீகார், ஒடிசா சகோதரர்களும் ஒரே வேனில் ஏறுவார்கள். வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாத ஊர் என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வோம். அதே தெருவில் சில வீடுகளின் கதவுக்குப் பின்னால், அந்த வேனில் ஒருநாளும் ஏறாத பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் எங்கள் மக்தபில் ஓதியவர். டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலை உடையவர். இப்போது வயது இருபத்து நான்கு. ஃபாத்திஹா சூராவை மனனம் செய்ய இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். ஆனால் ஓதிய பிறகு ஒருநாளும் மறந்ததில்லை. குர்ஆன் வைக்கும் பலகைகளைப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்து அடுக்கிவைப்பது அவர் பொறுப்பு. வேறு பிள்ளைகள் அடுக்கினால் மறுநாள் கலைந்து கிடக்கும்; அவர் அடுக்கினால் கிடக்காது. அத்தா காலமாகி ஆறு ஆண்டுகளாகின்றன. அம்மா வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துகிறார். ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து மாதம் ஒரு தொகை போகிறது.

அந்த அம்மா ஒருநாள் அஸருக்குப் பிறகு மதரசா வாசலில் வந்து நின்றார். தொகையைக் கூட்டிக் கேட்பதற்கு வந்திருக்கிறார் என்று உடனிருந்த நிர்வாகி நினைத்தார். அவர் சொன்னது வேறு. "ஹஜ்ரத், காலையில எல்லாரும் டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போறப்ப இவனும் ஒரு டப்பாவ எடுத்துட்டு வாசல்ல வந்து நிக்கிறான். நானும் போறேன், நானும் போறேன்னு சொல்றான். நான் என்ன பதில் சொல்ல?"

அதற்கு முன்பே ஒருமுறை அவரை வேலைக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. தையல் லைனில் ஒரு டெய்லருக்குக் கைமடி ஆளாக நிறுத்தினார்கள். இயந்திரங்களின் இரைச்சல், அதற்கு மேலே சத்தமிட்டுச் சொல்லப்படும் கட்டளைகள், ஒரே மூச்சில் நான்கு வேலைகள். மூன்றாம் நாள் இரண்டு சைஸ் பீஸ்கள் கலந்துபோயின. அந்த டெய்லருக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி. கலந்ததைப் பிரிக்கும் நேரம் முழுவதும் அவருடைய வருமான இழப்பு. அவர் கோபப்பட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. பக்கத்து லைனில் சிலர் சிரித்தார்கள். எட்டாம் நாள் முதலாளி இவருடைய அண்ணனை அழைத்து, "பாவம் பாய், வீட்டிலேயே இருக்கட்டும், மாசம் ஏதாவது கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி சில மாதங்கள் கொடுத்தும் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அதன்பின் ஒரு மாதம் அந்தப் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அஸர் ஜமாஅத்துக்குக்கூட வரவில்லை.

அங்கே கெட்டவர் எவரும் இல்லை. இவர் யார், இவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று அந்த லைனில் இருந்த ஒருவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். புதிதாக ஓர் இயந்திரம் வந்தால் அதை ஓட்டுபவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறோம். இப்படி ஒரு மனிதர் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் கொடுப்பதில்லை.

இந்தத் துறையில் நம் நாட்டில் உழைப்பு இல்லாமல் இல்லை. காட்பாடியில் 1963ஆம் ஆண்டு, தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு தொடங்கப்பட்ட தொழிற்கூடம் இன்று ஒர்த் டிரஸ்ட் என்ற பெயரில் இயங்குகிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. இத்தகைய இடங்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆயினும் தனியாக ஓர் இடம் அமைத்து, அங்கே பயிற்சி முடிந்த பிறகுதான் வெளியே வேலை என்று வைத்துக்கொண்டால், பலருக்குப் பயிற்சி முடிவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் மெழுகுவத்தியும் காகிதப்பையும் செய்துகொண்டே இருப்பார்கள். நல்லூரில் இருப்பவருக்கு நல்லூரிலேயே, எல்லாரும் போகும் கம்பெனியிலேயே வேலை வேண்டும்.

அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற கல்வியாளர் 1970களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு மிகுந்தவர்கள், எதையும் கற்க இயலாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்குப் பதினைந்து பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தார். சிலருக்குக் கொடுத்த பாகங்களில், பொருத்தும்போது தம்மை நோக்கி இருக்க வேண்டிய பக்கத்தில் நிறம் பூசிவைத்தார். அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் கற்கவில்லை என்றால் கற்பிக்கும் வழியை மாற்ற வேண்டுமே தவிர, அவர்மீது தீர்ப்பு எழுதக் கூடாது என்பது அவருடைய கொள்கை. பின்னர் 1980களில், முதலில் உண்மையான வேலையில் அமர்த்துவது, பிறகு அந்த இடத்திலேயே ஒரு பயிற்றுநர் உடனிருந்து கற்பிப்பது என்ற முறை அங்கே வளர்ந்தது. 1986இல் சட்டத்திலும் இடம்பெற்றது. அந்தப் பயிற்றுநரை இப்போது நம் ஊரிலும் ஜாப் கோச் என்றே அழைக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் பின்தங்கி இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் மனநோயும் அவற்றுள் அடங்கும். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், அதற்கென ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. நான் பேசிப் பார்த்த பனியன் கம்பெனி முதலாளிகளில் இதைக் கேள்விப்பட்டிருந்தவர் ஒருவரும் இல்லை. வெளிநாட்டு பையர் ஆய்வுக்கு வரும் நாளில் சுவரில் ஒட்டப்படும் தாள்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் முப்பது பேரை வைத்து ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். அவர்தான் முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது இருக்கட்டும் ஹஜ்ரத். என் ஆட்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?" இந்தக் கேள்விக்காகவே அவருக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

கோவையிலிருந்து சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர் வந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், எங்கள் மக்தப் ஹாலில் பயிற்சி நடந்தது. யூனிட்டின் சூப்பர்வைசர், செக்கிங் பிரிவில் மூத்தவரான ஓர் அக்கா, பேக்கிங்கில் இருவர், பிள்ளையின் அண்ணன் ஆகியோரோடு நானும் உட்கார்ந்தேன்.

முதலில் எங்களை ஒரு வேலை செய்யச் சொன்னார். அயர்ன் செய்த டி-ஷர்ட் ஒன்றை மடித்துப் பாலி கவரில் போட்டு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பேக்கிங் தம்பி கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிட்டார். "இப்போது எத்தனை வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். "ஒன்று" என்றார் தம்பி. மெதுவாகத் திரும்பச் செய்யச் சொல்லி எண்ணினோம். பீஸை எடுப்பது, முன்பக்கம் கீழே இருக்குமாறு விரிப்பது, அட்டையைக் கழுத்துக்கு நேராக வைப்பது, இடப்புறம் மடிப்பது, வலப்புறம் மடிப்பது, கீழிருந்து மேலே மடிப்பது, திருப்புவது, கவரின் வாயைத் திறப்பது என்று போய்ப் பன்னிரண்டு படிகள் வந்தன. ஆண்டுக்கணக்கில் அதைச் செய்துவந்த தம்பிக்கே அது புதிய செய்தியாக இருந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கற்பிக்கும்போது முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பதினொரு படிகளை நாமே முடித்து, கடைசிப் படியான ஸ்டிக்கர் ஒட்டுவதை மட்டும் அவரிடம் விட வேண்டும். அதில் தேறியதும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சி அவருக்கே கிடைக்கும். நாம் மக்தபில் வேறென்ன செய்கிறோம்? அம்ம ஜுஸ்உவை அம்மயத்தஸாஅலூனிலிருந்தா தொடங்குகிறோம்? குர்ஆனின் கடைசி சூராவான நாஸிலிருந்துதானே பின்னோக்கிப் போகிறோம்! அதைச் சொன்னதும் அந்த ஆசிரியை தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பொறுத்திருப்பதற்கும் பயிற்சி உண்டு. ஒரு செய்தியைச் சொன்ன பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அதற்குள் மறுபடி சொல்லக் கூடாது, வேறு சொற்களில் சொல்லவும் கூடாது. எளிது போலத் தோன்றும். செய்து பாருங்கள். எங்களில் ஒருவராலும் முதல் முறையில் நான்கைத் தாண்ட முடியவில்லை.

உதவிக்கு நான்கு நிலைகள் வகுத்தார். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, சுட்டிக் காட்டுவது, சொல்லால் நினைவூட்டுவது, ஒன்றும் செய்யாமல் நிற்பது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு படிக்கும் எந்த உதவி தேவைப்பட்டது என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். "கை, சுட்டு, சொல், தானே" என்று நாங்கள் சுருக்கிக்கொண்டோம். கீழ்நிலை உதவி போதுமானபோது மேல்நிலை உதவி செய்வது தவறு. எந்நேரமும் பயிற்றுநர் விலகிச் செல்லும் திசையிலேயே இருக்க வேண்டும். யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே கோடரிக்குப் பிடி போட்டுக் கொடுத்துவிட்டு, பதினைந்து நாட்களுக்குத் தம் கண்ணில் பட வேண்டாம் என்று அனுப்பிவைத்த செய்தி அபூதாவூதில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஆய்வாளர்களிடையே பேச்சு உண்டு என்பதை அறிவேன். ஆனால் பிடி போட்டுக் கொடுப்பதும் பிறகு விலகிக்கொள்வதும் ஒரே உதவியின் இரண்டு பாதிகள் என்பதை அந்தச் செய்தியைப் போல் விளக்கும் வேறொன்றை நான் கண்டதில்லை.

வலிப்பைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார். எங்கள் பிள்ளைக்கு வலிப்பு இல்லை; ஆனாலும் வேலைத்தளத்தில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்றார். கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. அருகிலுள்ள கத்தரியையும் இயந்திரத்தையும் விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். சூப்பர்வைசர் இதைத் தம் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார். அவருடைய சொந்த ஊரில் ஓர் உறவினருக்கு இந்த நோய் இருக்கிறதாம்.

எல்லாரும் அவரைப் "பாப்பா" என்று அழைத்துக்கொண்டிருந்தோம். இருபத்து நான்கு வயது ஆண்மகனை. இதை அந்த ஆசிரியை சொல்லியபோது செக்கிங் அக்கா, "எங்க ஊர்ல எல்லாரையும் நான் சாமின்னுதான் கூப்பிடுவேன், அது சரியா?" என்று கேட்டார். எல்லாரையும் அப்படி அழைப்பதென்றால் சரிதான் என்று விடை கிடைத்தது.

நம் சமுதாயத்தில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. "அவர் மலக்கு மாதிரி, பாவமே எழுதப்படாதவர்" என்போம். தூங்குபவர், சிறுவர், அறிவு தெளியாதவர் ஆகிய மூவரைவிட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸை அதற்கு ஆதாரமாகக் காட்டுவோம். உயர்த்தப்பட்டது கடமையின் எழுதுகோல். உரிமைகளின் எழுதுகோல் அல்ல. பட்டயப் படிப்பில் உசூலுல் ஃபிக்ஹ் பாடத்தில் படித்தது நினைவிருக்கிறது. அஹ்லிய்யத்துல் வுஜூப் எனப்படும் உரிமை பெறும் தகுதி, மனிதனாய்ப் பிறந்த ஒவ்வொருவருக்கும் முழுமையாக உண்டு. பிறந்த குழந்தைக்கும் வாரிசுரிமை இருப்பது அதனால்தான். செயலாற்றும் தகுதியான அஹ்லிய்யத்துல் அதா மட்டுமே ஆளுக்கு ஆள் கூடும், குறையும். மலக்கு என்று புகழ்ந்து ஒருவரைத் திண்ணையில் உட்கார வைப்பதற்கு ஃபிக்ஹில் இடமில்லை. மதீனாவில் அறிவில் சிறிது குறைபாடுள்ள ஒரு பெண், தமக்கு ஒரு தேவை இருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, எந்தத் தெருவில் நின்று பேச வேண்டும் என்பதை அந்தப் பெண்ணையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர் தேவை முடியும் வரை உடன் நின்றார்கள். முஸ்லிமில் வரும் செய்தி இது. இடத்தையும் நேரத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

யூனிட்டில் முதல் வாரத் தாள் முழுவதும் "கை" என்றே இருந்தது. சிறப்புக் கல்வி ஆசிரியை மூன்று நாட்கள் உடன் நின்றார். பிறகு அக்கா பார்த்துக்கொண்டார். இரண்டாம் வாரம் ஒரு தடை வந்தது. அது பிள்ளையால் வந்ததல்ல. பேக்கிங்கில் இருந்த ஒரு சகோதரியால் வந்தது. அளவு கடந்த இரக்கம் கொண்டவர். இவர் கவரைத் திறக்கச் சிரமப்படுவதைக் கண்டால் உடனே வாங்கித் தாமே முடித்துக் கொடுத்துவிடுவார். நான்கு நாட்கள் தாளில் ஒரு முன்னேற்றமும் இல்லை. சூப்பர்வைசர் அவரைக் கண்டிக்கவில்லை. அந்தத் தாளைக் காட்டினார். அவர் அழுதுவிட்டார். பிறகு இவர் கவர் எடுக்கும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்கு அது எளிதாக இருந்திருக்காது.

எம் சைஸுக்கும் எல் சைஸுக்கும் உள்ள வேறுபாடு நெடுநாள் பிடிபடவில்லை. கடைசியில் எல் பண்டலின் அட்டையில் ஒரு சிவப்புப் பொட்டும், எல் ஸ்டிக்கர் சுருளின் பெட்டியில் அதே பொட்டும் வைத்தார்கள். மார்க் கோல்ட் செய்ததும் இதே வழிதான். அதன்பின் தவறு வரவில்லை. அந்தப் பொட்டைப் பார்த்தே இப்போது மற்றவர்களும் எடுக்கிறார்கள்.

கூலி விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாக நின்றேன். "பொழுது போகட்டும், டீ காசு கொடுப்போம்" என்ற பேச்சு வந்தது. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற புகாரி ஹதீஸை நினைவூட்டினேன். இதற்கு முந்திய கம்பெனியில் நடந்ததையும் மறக்கக் கூடாது. பீஸ் கணக்கில் ஓடும் லைனில் நிதானமான ஒருவரைச் சேர்த்தால் அருகில் இருப்பவரின் வயிற்றில் அடிப்பதாகும். எனவே அவரை ஷிப்ட் சம்பளம் உள்ள பேக்கிங் மேசையில் அமர்த்தினார்கள். முதல் இரண்டு மாதங்கள் அரை ஷிப்ட், அதற்குரிய முழுக் கூலி. அவருக்கு வழிகாட்டும் அக்காவுக்கு அந்த நாட்களில் டார்கெட் குறைக்கப்பட்டது, சம்பளம் குறைக்கப்படவில்லை. உங்கள் கீழ் வேலை செய்பவர்களின் சக்திக்கு மேல் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்ற பொருளில் அபூதர் (ரலி) அறிவிக்கும் செய்தி இருக்கிறது. அந்த உதவிக்கும் நேரம் ஆகும், அந்த நேரத்துக்கும் விலை உண்டு. அதை அக்காவின் தலையில் கட்டுவது முறையல்ல.

சனிக்கிழமை மாலை அவர் முதல் சம்பளக் கவரை வாங்கியபோது நான் அங்கே இல்லை. அவர் அம்மா சொல்லித்தான் தெரியும். கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தாராம். பிறகு தமக்கென்று ஒரு டிபன் பாக்ஸ் வாங்கித் தரச் சொன்னாராம், மூன்றடுக்கு வேண்டுமாம்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதினால் பொய்யாகும். இவரைப் பார்த்து இன்னும் இருவர் வந்தார்கள். ஒருவர் செவித்திறன் இல்லாத பெண். ஓவர்லாக் தையலில் நல்ல கை. அவருக்கு இந்தப் படிகளும் தாளும் தேவையே இல்லை. இருபது முப்பது சைகைகளை லைனில் உள்ளவர்கள் கற்றுக்கொண்டதும், அவசர நிலைக்கு ஒரு விளக்கு பொருத்தியதும் போதுமானதாக இருந்தது. மற்றொருவர் ஆட்டிசம் உள்ள இளைஞர். இயந்திர இரைச்சலை அவரால் தாங்க முடியவில்லை. காதுக்கு மூடி கொடுத்துப் பார்த்தும் பயனில்லை. மூன்றாம் வாரம் நின்றுவிட்டார். அவருக்கு வேறு இடம் தேட வேண்டும். நூல் கடையா, அச்சகமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது பைத்துல்மால் கூட்டத்தில் ஒரு வாதம் நடக்கிறது. சிறப்புக் கல்வி ஆசிரியையின் ஊதியமும் பயணச் செலவும் ஆண்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டபோது, ஒரு நிர்வாகி, "இந்தப் பணத்தில் மூன்று தையல் மெஷின் வாங்கிக் கொடுக்கலாமே, கண்ணுக்குத் தெரியுமே" என்றார். அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மெஷினை மேடையில் வைத்து வழங்கலாம், படம் எடுக்கலாம். பயிற்சியை எங்கே வைத்துப் படம் எடுப்பது? ஆனால் சென்ற ஆண்டுகளில் வழங்கிய மெஷின்கள் எத்தனை வீடுகளில் ஓடுகின்றன என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுவோம் என்று நான் கேட்டிருக்கிறேன். ஜகாத் நிதியைப் பொறுத்தவரை, ஹனஃபி மத்ஹபின்படி அது தகுதியுள்ள ஏழையின் கையில் உடைமையாகச் சேர வேண்டும். பயிற்றுநரின் ஊதியமாக நேரடியாகக் கொடுப்பது கூடாது என்று எங்கள் இமாம் தெளிவுபடுத்திவிட்டார். ஆகவே இதற்கு சதகா நிதிதான். அது ஆண்டு முழுவதும் வருவதில்லை, ரமலானில் வருகிறது. வரும் வாரம் ஜுமுஆவுக்குப் பிறகு முடிவெடுக்க இருக்கிறார்கள்.

முடிவை எங்களுக்காகக் காத்திருக்க விடாமல் திருப்பூர் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் செக்கிங் அக்கா, வீட்டுக்கு அருகில் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால் அவரோடு பயிற்சியும் போய்விடும் என்பதை யூனிட் சகோதரர் உணர்ந்து, இப்போது பேக்கிங்கில் ஐந்து பேரையும் உட்கார வைத்திருக்கிறார். அக்காவின் இடத்துக்கு வந்திருப்பவர் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர். தமிழ் இன்னும் சரியாக வராது. பன்னிரண்டு படிகளையும் படங்களாக வரைந்து மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம் அல்லவா, அதைக் காட்டி எப்படி மடிப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பது எங்கள் பிள்ளைதான். ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, அவர் செய்து முடிக்கும் வரை பொறுத்து நிற்கிறார்.